தொடக்கூடாது, தொட விடக்கூடாது

“…நின்ன கையிலதான் மாஸ்டர் அவன் வந்து மோதினான். இதை நான் சொன்னா ஒரு பய நம்ப மாட்டான். நீங்க சொன்னா எடுபடும்” என்றான் சங்கரபாண்டி.

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னான். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மேடையில் இருந்து இறங்கி, கராத்தே உடுப்போடு அப்படியே வந்திருந்தான். வலது கையில் முன் இரண்டு விரல் முட்டிகளிலும் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருந்தது. அது அவன் ரத்தம் இல்லை. உள்ளே கட்டிலில் சிவகிரி முத்தையா வலது கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டி மல்லாந்து கிடந்தான். வாசலில் போலீஸ் ஏட்டையா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நோட்டோடு வந்து, யார் அடித்தது, எப்படிப் பட்டது என்று கேட்பார். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் சங்கரபாண்டி என்னிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அவன் சொன்னது நிஜம். முழு நிஜம். அது ஏன் நிஜம் என்று விளங்க வேண்டுமானால், இரண்டு விதமான கராத்தேக்காரர்கள் எப்படிக் குத்தப் பழகினார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். புதிதாகக் கராத்தே வகுப்பு நடத்த ஆரம்பித்திருக்கிற நீங்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். எந்தப் பாணி எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் மடமடவென்று சொல்லிவிடுவீர்கள். நான் சொல்லப்போவது அது இல்லை. ஏட்டையாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் என்னைத் திட்டிவிட்டு இதை மூடி வைத்துவிடுவீர்கள்.

என் முதல் வாத்தியார் ஒரு புத்தகம். எழுபதுகளின் பின்பாதியில் மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். பகலில் நான் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். இங்கிலீஷ் என்றால் கடை போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான். ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் படித்தேன். ஒரு படத்தில் ஜப்பான்காரர் ஒருவர், கயிறு சுற்றி நட்டிருந்த ஒரு கட்டையைக் குத்திக்கொண்டிருந்தார். நானும் ஒரு ரைஸ் மில் நெல் காயப்போடும் களத்தின் ஓரத்தில், மில்காரரிடம் கெஞ்சி, ஒரு பனங்கட்டையை இடுப்பளவு குழி தோண்டி நட்டேன். கல் போட்டு இறுக்கி, தேங்காய்க்கயிறு சுற்றினேன். லாரி இடித்தாலும் அசையாது. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆறு பேர் சேர்ந்தோம். காலையில் ஆளுக்கு நூறு குத்து. நாலு மாதத்தில் என் வலது மணிக்கட்டு வீங்கி, கடையில் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. வீக்கத்தைப் பயிற்சியின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம். ஒருத்தன் வீக்கம் வரவில்லையே என்று வருத்தப்பட்டான்.

அப்போதுதான் ஒரு மனிதர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். அரசாங்க வேலை. காலையில் நடக்கிற வழியில் எங்களைப் பார்த்து நின்றார். கட்டையிடம் வந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னவே இது, மாடு கட்டுத கட்டைல்லா” என்றார்.

அடிக்கிற கட்டை மேலே போகப் போக மெலிந்திருக்க வேண்டுமாம். குத்தினால் நாலு விரற்கடை பின்னால் போய்த் திரும்பி வர வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் விரக்கடை என்போம், ஒரு விரலின் அகலம். வளையாத கட்டையில் குத்தினால் குத்து எங்கே போகும், உம்ம தோளுக்குத்தான் திரும்பி வரும் என்றார். இன்றைக்கும் தண்ணீர்க் குடத்தை வலது கையால் தூக்க மாட்டேன். படத்தில் கட்டை வளைவது தெரியாது பாருங்கள். படம் குத்து முடிந்த பிறகு எடுத்தது.

அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடையது ஷோட்டோகான் பாணி. கால்களை நீளமாக வைத்து, தாழ்ந்து நின்று, தூரத்தில் இருந்து பாய்ந்து வந்து நேராகக் குத்துவது. இடுப்பைத் திருப்பி அடிக்கிற அடி. பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான். அதனாலேயே சேர்ந்து பழகும்போது தொடக்கூடாது. எதிராளியின் தோலுக்கு ஒரு விரக்கடை முன்னால் கை நின்றுவிட வேண்டும். முழு வேகத்தில் வந்து, முழு வேகத்தில் நிற்க வேண்டும். செய்தித்தாளைக் கயிற்றில் தொங்கவிட்டு அதற்கு எதிரே குத்தச் சொல்வார். காற்றில் தாள் ஆடலாம். கை பட்டு ஆடக்கூடாது.

அதில் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போனவன் சங்கரபாண்டி. இருபத்துநாலு வயசு. தொழில் போர்டு எழுதுவது. அன்றைக்கு எங்கள் பஜாரில் இருந்த பாதிக் கடைகளுக்கு அவன் எழுத்துதான். உனக்கு மட்டும் எப்படிலே கை இப்படி நிற்கிறது என்று கேட்டேன். “எழுத்து முடியுத எடத்துல பிரஷ் தானா நின்னுரும் மாஸ்டர். நானா நிறுத்துததுன்னு ஒண்ணு கெடையாது” என்றான். டீக்கடைக்காரர் வாயில் பீடியோடு நிற்பார். இவன் மூன்றடி தூரத்தில் இருந்து பாய்ந்து அவர் மூக்குக்கு நேரே குத்துவான். பீடிச் சாம்பல் உதிராது. டீக்கடைக்காரர் புகையை விட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் கிட்ட வாலே, கொசு ஒண்ணு இருக்கு” என்பார்.

மாற்றலாகிப் போகும்போது அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் ஒரு பேச்சுச் சொன்னார். அதை அன்றைக்கு விடைபெறுகிறவர் சொல்லுகிற பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

“இந்த விரக்கடை நம்ம ஆளுகளுக்குள்ளதான் செல்லும்வே. எதிர்ல நிக்கவனும் அதை நம்பி நின்ன எடத்துல நிக்கணும். வேற பாணிக்காரன்கிட்ட இதை எடுத்துட்டுப் போகாதீரும்.”

இனி சிவகிரி.

அங்கே ஒரு மாஸ்டர் இருந்தார். அவருடையது கோஜு பாணி. எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டுக்கும் அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். எங்களுடையது எட்டிக்குத்து, அவர்களுடையது ஒட்டிக்குத்து. இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவர்கள் பயிற்சியைப் பார்த்தேன். எட்டுப் பேர், மணல் நிரப்பிய ஊறுகாய்ச் சாடியை வாய்ப்பக்கமாக விரலால் மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, அரையடி அரையடியாக நடந்துகொண்டிருந்தார்கள். மூச்சை வயிற்றில் இருந்து புஸ்ஸென்று விட்டார்கள். மாஸ்டர் சுற்றி வந்து தோளிலும் விலாவிலும் உள்ளங்கையால் அறைந்தார். ஒருத்தன் முகமும் மாறவில்லை. என்னோடு வந்திருந்த நம் டீக்கடைக்காரர் என் காதருகே குனிந்து கேட்டார், “எல்லாருக்கும் ஒரே நேரத்துல இளைப்பு வந்துட்டோ?”

எங்கள் கை முழுதாக நீளும் இடத்தில்தான் எங்கள் குத்து. அவர்களுக்கு அது சண்டையே இல்லை. நெஞ்சுக்கு நெஞ்சு ஒரு முழம் இடைவெளியில் நின்று, சின்னச் சின்னதாகக் குத்துவார்கள். எதிராளியின் கையை வட்டமாகத் தட்டி, அதை ஒட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். முத்தையாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். இருபத்தாறு வயசு, லாரி டிரைவர். அரசு பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். சும்மா ஒரு பழக்கத்துக்கு என்னோடு நின்றான். நான் எட்ட நின்று குத்துகிறேன். அவன் ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே வந்து என் நெஞ்சில் தோளை வைக்கிறான். நான் திணறினதைப் பார்த்துச் சிரித்தான். “நீங்க அங்கன நின்னு குத்துனா நான் இங்கன நின்னு என்ன செய்ய மாஸ்டர்?” என்றான்.

அவர்கள் மாஸ்டரிடம் கேட்டேன், எதிராளி குத்தும்போது எல்லாரும் பின்னால்தானே போவார்கள், நீங்கள் முன்னால் போகிறீர்களே என்று. “குத்து வாற வழியிலதான் எடம் காலியா இருக்கும்” என்றார். எனக்கு இப்படிப்பட்ட பேச்சு என்றால் உயிர். ஜவுளிக்கடை பில்லின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அவர் இன்னொரு வார்த்தையும் சொன்னார். அது என் காதில் தெளிவாக விழுந்தது, எழுதத் தோன்றவில்லை. ஒருத்தன் முத்தையாவின் முகத்துக்குக் குத்தினான். அந்தக் குத்து நிற்பதாக இல்லை, முழுசாக வந்தது. முத்தையா கையால் தட்டிவிட்டு உள்ளே போனான். தட்டினது கொஞ்சம் பிந்திவிட்டது; காதோரம் உரசியது. மாஸ்டர் குத்தினவனை ஒன்றும் சொல்லவில்லை. முத்தையாவைப் பார்த்து, “முகத்துல தொட விடாதலே” என்றார்.

தொட விடாதே. எங்கள் களத்தில் என்றால் குத்தினவனைப் பார்த்துத் தொடாதே என்று சொல்லியிருப்போம்.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பாணியில் முகத்தைக் காப்பது குத்துகிறவன் பொறுப்பு. அவர்கள் களத்தில் அது வாங்குகிறவன் பொறுப்பு. எங்கள் ஆள் எதிராளி நிற்பான் என்று நம்பிக் குத்துகிறான். அவர்கள் ஆள் குத்து வந்துகொண்டே இருக்கும் என்று நம்பித் தட்டுகிறான். இரண்டும் பிழை இல்லை. இரண்டும் தனித்தனியாக இருக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழாது.

எங்களுக்கு மழை பெய்தால் வகுப்பு இல்லை. களம் மில்காரருடையது, நெல் கிடந்தால் அன்றைக்கும் வகுப்பு இல்லை. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய ஹால் ஒன்று மாலை முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பள்ளிக்கூடத் தாளாளரிடம் ஒரு வருஷம் நடந்தேன். கடைசியில் ஆண்டுவிழாவில் கராத்தே வைக்கலாம், நன்றாக இருந்தால் ஹாலைப் பற்றி யோசிக்கலாம் என்றார். எங்கள் பையன்கள் ஓடு உடைப்பார்கள், வரிசையாகக் குத்துவார்கள் என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஓடு உடைக்கிறதைப் போன வருஷமே வேறு எங்கேயோ பார்த்துவிட்டார். சிவகிரிக்காரர்களும் வரட்டும், மேடையில் மோதட்டும், யார் பெரியவர் என்று தெரிந்துவிடும் என்றார்.

நான் தயங்கினேன். இரண்டும் வேறு வேறு பாணி, ஒரே மேடையில் சேராது என்று இழுத்தேன். அவர் சிரித்தார். “ஏன்வே, நம்ம ஊரு சாமியே பாதி சிவனும் பாதி பெருமாளுமா ஒண்ணா நிக்காரு. நீங்க ரெண்டு பேரும் ஒரு மேடையில நின்னா என்ன கொறஞ்சா போவும்?”

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் பிறந்தவன் அந்த வார்த்தைக்கு மறுவார்த்தை பேச முடியாது. யார் பெரியவர் என்று இரண்டு பாம்புகள் கேட்டதில் ஆரம்பித்த கதைதான் எங்கள் கோவில் கதை. அம்மனே ஒற்றைக்காலில் தபசு நின்றுதான் அதற்குப் பதில் கிடைத்தது. கிடைத்த பதிலும் இவரும் இல்லை, அவரும் இல்லை என்பதுதான். ஆடி மாதம் தவறாமல் அந்தத் தபசைப் பார்க்கிறோம். பார்த்துவிட்டு வந்து அதே கேள்வியை மேடை போட்டுக் கேட்கிறோம். அது மட்டும் இல்லை. சாமிக்கு இரண்டு பாதியும் ஒரே உடம்பு. ஒரு பாதி கை ஓங்கினால் மறுபாதிக்குத் தெரியும். இது அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியும் மறுநாள் போய்ச் சொல்லவில்லை.

சிவகிரி மாஸ்டரை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துப் பேசினேன். விபரமான மனிதர். முதல் கேள்வியே, “யாரு சட்டம்?” என்றுதான் கேட்டார். நான் சொன்னேன், பெரிதாக ஒன்றும் இல்லை, உடம்பில் லேசாகப் படலாம், முகத்தில் தொடக்கூடாது. அவர், “நம்மகிட்டயும் அதே சட்டம்தான்” என்றார். டீயைக் குடித்தோம். பேச்சு முடிந்தது.

அவர் அதே என்றது அவருடைய அதே. நான் சொன்னது என்னுடையது. அவருக்கு என் பாணி தெரியாது. அவர் எங்கள் களத்துக்கு வந்ததே இல்லை. நான் அவர் களத்துக்குப் போயிருக்கிறேன். தொட விடாதலே என்றதை என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. அந்த டீ கிளாஸைக் கீழே வைக்கும்போது ஒரு தரம் வாய் வரைக்கும் வந்தது. ஹால் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டுவிழா சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். வாசுதேவநல்லூரில் இருந்தும் பனவடலிசத்திரத்தில் இருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நான்தான் நடுவர். எங்கள் பக்கம் சங்கரபாண்டி, அவர்கள் பக்கம் முத்தையா. முத்தையாவுக்குப் பஸ் டிரைவர் வேலைக்குக் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் போக வேண்டும். அதை மேடைக்குப் பின்னால் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். என்னிடமும் காட்டினான். சந்தோஷத்தில் அந்தக் காகிதம் நாலாக மடங்கி மடங்கி நைந்துபோயிருந்தது.

முதல் சுற்றில் சங்கரபாண்டி பாய்ந்து நெஞ்சுக்குக் குத்தினான். கை ஒரு விரக்கடையில் நின்றது. நின்ற கையில் முத்தையா தானே வந்து நெஞ்சை மோதிக்கொண்டு உள்ளே புகுந்தான். சாடி தூக்கிப் பழகின உடம்பு, அவனுக்கு வலிக்கவில்லை, சிரித்தான். கூட்டம் விசில் அடித்தது. இரண்டாம் தடவையும் அதேதான். சங்கரபாண்டி முகத்தில் சிரிப்பு இல்லை. கை நிற்கிறது, ஆனால் ஆள் மேல் படுகிறது. அவன் பழகின பழக்கத்தில் அப்படி ஒன்று நடக்க வழியே கிடையாது.

சுற்று முடிந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கம் வந்தான். “மாஸ்டர், அவன் வந்துக்கிட்டே இருக்கான். தூரத்தை எங்கன வைக்க?” என்றான்.

ஒரு மாணவன் தன் மாஸ்டரிடம் இதைவிடச் சரியான கேள்வியைக் கேட்க முடியாது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். மைக்கை வாங்கி, முகத்துக்குக் குத்து கிடையாது என்று அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது, இரண்டு பேரும் சமம் என்று இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கூட்டம் ஊளையிடும், அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. நான் முன்வரிசையைப் பார்த்தேன். தாளாளர் பக்கத்தில் இருந்த பெரிய மனிதரிடம் எங்களைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

“நீ உன் ஆட்டத்தை ஆடு” என்றேன்.

இந்த நாலு வார்த்தையை உங்கள் யார் வாயிலும் நான் கேட்கக்கூடாது. நம் தொழிலில் இதைவிட வசதியான பேச்சு கிடையாது. தைரியம் சொன்ன மாதிரியும் இருக்கும், ஒன்றும் சொல்லாத மாதிரியும் இருக்கும். ஒரு மாணவன் தூரம் கேட்டால் தூரத்தைச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்துங்கள்.

அவன் போய் அவன் ஆட்டத்தை ஆடினான். முகத்துக்கு ஒரு குத்து; எங்கள் களத்தில் ஆயிரம் தடவை குத்தின குத்து. முத்தையாவும் அவன் ஆட்டத்தைத்தான் ஆடினான். வருகிற குத்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டு உள்ளே நுழையக் கையை வட்டமாக வீசினான். அவன் தட்டின இடத்துக்குக் குத்து வந்து சேரவே இல்லை. ஒரு விரக்கடை முன்னால் நின்றுவிட்டது. கை காற்றைத் தட்டிக்கொண்டு போனது. உடம்பு ஏற்கெனவே புறப்பட்டாயிற்று. முழங்கை நீண்டு, முட்டி இறுகி, மாடு கட்டுகிற கட்டை மாதிரி அசையாமல் நின்றுகொண்டிருந்த அந்தக் கையில் முத்தையா வலது கண்ணைக் கொண்டுவந்து வைத்தான்.

நான் இரண்டு கஜ தூரத்தில் நின்றேன். நான் பார்த்ததை அந்தப் பந்தலில் வேறு ஒருவரும் அவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. கூட்டம் பார்த்தது ஒருத்தன் குத்தினான், ஒருத்தன் விழுந்தான் என்பதைத்தான்.

முத்தையா முட்டி போட்டு உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றான். கையை எடுத்தபோது விரலிடுக்கில் ரத்தம். அவன் அக்கா கூட்டத்தில் இருந்து ஓடி வந்து, முந்தியில் முடிந்து வைத்திருந்த கோவில் புற்றுமண்ணை அவன் நெற்றியில் பூசினாள். என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியின் உடுப்பு மடிப்புக்குள் செருகியிருந்த அந்தக் காகிதத்தை எடுத்து, அதில் ரத்தம் படாமல் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து அன்றைக்கே பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். கண்ணை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் பார்வை திரும்பவில்லை. கையசைத்தால் நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான். கண் பரிசோதனைக்கு அவன் போகவில்லை. லாரியும் ஓட்ட முடியவில்லை. ராஜபாளையம் ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றுவதைச் சரிபார்க்கிற வேலை. ஒரு வருஷம் கழித்து அங்கே போய் அவனைப் பார்த்தேன். என்னைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினான். “அவன் கை நின்னுட்டு மாஸ்டர். நான் தட்டுன எடத்துல கை இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும். என்கிட்ட யாரும் கேக்கலியே” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன்.

சங்கரபாண்டி அந்த வருஷம் முழுக்க போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசிச் சமாதானம் ஆயிற்று. அவன் களத்துக்கு அப்புறம் வரவில்லை. போர்டு மட்டும் எழுதிக்கொண்டிருந்தான். ஏணியில் நிற்கும்போது கீழே போகிறவர்கள், “வே, கை தப்பிராமப் பாத்து எழுதும்” என்பார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். எத்தனை வருஷம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். ஜவுளிக்கடை வாசலில் இருந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு ஹால் கிடைத்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கே வகுப்பு நடத்தினேன். நூற்றுக்கணக்கான பேர் அங்கே இருந்து பெல்ட் வாங்கிப் போயிருக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அவர்களிடம் படித்தவர்கள். ஹாலின் வாசலில் தொங்கின போர்டு சங்கரபாண்டி களத்து நாட்களில் எழுதிக் கொடுத்தது. பெயிண்ட் உரிந்தும் அதை மாற்றவில்லை. மாற்றினால் அவனிடம்தான் போக வேண்டும்.

இனி அந்த வராந்தா.

சங்கரபாண்டி, நீங்க சொன்னா எடுபடும் என்று சொல்லி முடித்தான். நான் தலையை ஆட்டினேன், சொல்லுகிறேன் என்கிற மாதிரி. ஏட்டையா படியேறி வந்தார். அவருக்குப் பின்னாலேயே தாளாளரும் வந்து தூண் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான்.

“நடுவரு நீருதானவே?” என்றார் ஏட்டையா. “இது விளையாட்டுல பட்டதா, இல்ல அவன் நிறுத்தாம அடிச்சானா? பக்கத்துல நின்னவரு நீரு. சொல்லும்.”

சட்டத்தைச் சரியாகப் பேசாமல் விட்டது நான் என்று சொல்ல வேண்டும். இடைவேளையில் அவன் கேட்டான், நான் பதில் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அவன் கை நின்றது என்று சொன்னால், அப்புறம் ஏன் பட்டது என்று ஏட்டையா அடுத்த கேள்வி கேட்பார். அதற்குப் பதில் என்னிடம்தான் வந்து நிற்கும்.

“நான் அந்தப் பக்கமா நின்னுட்டேன் ஏட்டையா. வெரசா நடந்துட்டு. சரியாப் பாக்கல” என்றேன்.

சங்கரபாண்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. வார்டுக்குள் கட்டிலைப் பார்த்தான். பிறகு ஏட்டையாவுக்கு முன்னால் ஒரு எட்டு வைத்து நின்றான்.

“கை தப்பிட்டு ஏட்டையா” என்றான். “நிறுத்த முடியல. அப்படியே எழுதிக்கிடுங்க.”

ஏட்டையா எழுதினார். எழுதி முடித்து, நோட்டை அவன் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். சங்கரபாண்டி உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். கடை போர்டுக்கு எழுதுகிற மாதிரியே ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக, உருட்டி, தன் பெயரை எழுதினான். எழுதின பெயருக்கு அடியில், எல்லாப் போர்டிலும் போடுகிற மாதிரி, இடப்பக்கம் இருந்து வலப்பக்கத்துக்கு ஒரே வேகத்தில் ஒரு கோடு இழுத்தான். தாளின் விளிம்புக்கு ஒரு விரக்கடை முன்னால் கை நின்றது.